தீப்பெட்டிக்குள் இருந்த பொன்வண்டு

பொன்வண்டு என்றதும் துணி துவைக்கிற சோப்பு ஞாபகத்துக்கு வந்தால் உங்களுக்கு வயது கம்மி என்று அர்த்தம். நிஜ வண்டு ஞாபகத்துக்கு வந்தால் ஒரு காலத்தில் உங்கள் டவுசர் பாக்கெட்டில் தீப்பெட்டி ஒன்று இருந்திருக்கும். அதற்குள் நாலு வேல இலையும், 'கரக் கரக்' என்று அட்டையைப் பிறாண்டிக்கொண்டிருந்த ஒரு ஜீவனும் இருந்திருக்கும்.

திருச்சிப் பக்கம் நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் பொன்வண்டு பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பேங்க் மேனேஜராக இருந்தாலும் சரி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவராக இருந்தாலும் சரி, முகம் மாறிவிடும். மழை விட்ட மறுநாள் முள்மரத்தில் தேடியது, பள்ளிக்கூடத்துக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டு போனது, கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிட்டது, ஒரு வண்டுக்கு இத்தனை பலப்பம் என்று பண்டமாற்று செய்தது எல்லாம் வரிசையாக வரும். கழுத்து இடுக்கில் விரலை வைத்தால் நறுக்கென்று வெட்டிவிடும் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். கடைசியில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் பேச்சு முடியும்: "இப்பெல்லாம் எங்கப்பா இருக்கு அது?"

நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்ல ஆள் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த, யாருமே உட்கார்ந்து சரியாகப் படிக்காத பூச்சி அது.

முதலில் அது யார் என்று பார்த்துவிடலாம். புப்ரெஸ்டிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது பொன்வண்டு. ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்தையே நகை வண்டுகள் என்றுதான் சொல்கிறார்கள். உலகம் முழுக்கச் சுமார் 15,000 வகைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பிடித்து விளையாடியது இதில் ஸ்டெர்னோசெரா என்ற பேரினத்தை. நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னக் கொம்பு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர். இதிலே இரண்டு வகைகள் முக்கியமானவை. உடம்பு முழுக்கப் பச்சையாக மின்னி, முதுகில் வெளிர்ப்புள்ளிகள் தெளித்த மாதிரி இருப்பது ஸ்டெர்னோசெரா ஸ்டெர்னிகார்னிஸ். கழுத்துப் பகுதி மட்டும் பச்சையாகவும், இறக்கை மூடி பாலீஷ் போட்ட தேக்கு மாதிரி செம்பழுப்பாகவும் இருப்பது ஸ்டெர்னோசெரா கிரைசிஸ். முன்னதற்குப் பெயர் வைத்தவர் சாட்சாத் லின்னேயஸ், 1758-ல். பின்னதற்குப் பெயர் வைத்தவர் அவருடைய மாணவர் ஃபப்ரீசியஸ், 1775-ல். அதாவது விஞ்ஞானம் பூச்சிகளுக்கு முறையாகப் பெயர் வைக்க ஆரம்பித்த முதல் நாளிலேயே நம்மூர்ப் பொன்வண்டு பட்டியலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு 260 வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. பெயர் வைத்த வேகம் மற்ற விஷயங்களில் இல்லை.

தமிழிலும் அதற்குக் கொஞ்சம் அநியாயம் நடந்திருக்கிறது. 'வண்டு' என்ற சொல்லே பாதி நேரம் வேறு ஆளைக் குறிக்கிறது. இலக்கியத்தில் பூவுக்குப் பூ தாவி ரீங்காரமிடும் வண்டு எல்லாம் தேனீயும் அதன் உறவுக்காரர்களும்தான். தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் ஸ்ரீரங்கத்துச் சோலைகளில் பாடித் திரிகிறவையும் அந்த வகைதான். கெட்டியான இறக்கை மூடி போட்ட நிஜ வண்டு பூவைத் தேடிப் போவதை விட, இலையைக் கடித்துத் தின்பதும் வேரைக் குடைவதுமாகக் காலம் தள்ளுகிறது. அதைப் பாட யாருக்குத் தோன்றும்? குழந்தைகளுக்குத் தோன்றியது. அவர்களுக்குப் பாட்டு எழுதத் தெரியாது. தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தத் தெரிந்திருந்தது.

அந்தத் தீப்பெட்டிக்குள் ஒரு மர்மமும் நடந்தது. இரண்டு மூன்று நாளில் பெட்டியைத் திறந்தால் அரிசி மாதிரி முட்டைகள் கிடக்கும். பையன்களுக்குத் தலைகால் புரியாது. பஞ்சு வைத்து, இலை வைத்து, தினமும் திறந்து திறந்து பார்ப்பார்கள். குஞ்சு மட்டும் வரவே வராது. வண்டும் சில நாளில் செத்துப் போகும். இலை சரியில்லை என்றும், தொட்டதால்தான் கெட்டுப் போச்சு என்றும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவார்கள்.

நிஜமான காரணம் மண். நகை வண்டுக் குடும்பத்தில் பெரும்பாலான வகைகளின் புழுக்கள் மரக்கட்டைக்குள்ளேயோ பட்டைக்கு அடியிலேயோ குடைந்து வாழ்பவை. ஸ்டெர்னோசெரா அப்படி இல்லை. முட்டையிலிருந்து வரும் புழு மண்ணுக்குள் இறங்கி, வேரைத் தின்று வளர்கிறது. கூட்டுப்புழுவாவதும் மண்ணுக்குள்ளேதான். தாய்லாந்தில் இருக்கும் ஸ்டெர்னோசெரா இக்விசிக்னேட்டா என்ற நெருங்கிய சொந்தக்காரனைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள். அதன் வாழ்க்கையில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கழிகிறது. பளபளவென்று வெளியே வந்த பிறகு இருப்பது சில வாரங்கள்தான். மழைக்காலத்தில் மரத்தில் தெரிகிற வண்டு முழுக்கதையின் கடைசி அத்தியாயம். முந்தைய அத்தியாயங்கள் எல்லாம் காலடியில், இருட்டில் நடந்து முடிந்திருக்கும். அட்டைப்பெட்டிக்குள் வேரும் இல்லை, மண்ணும் இல்லை. முட்டை என்ன செய்யும், பாவம்!

அந்தப் பளபளப்பும் லேசுப்பட்டது இல்லை. அது சாயம் இல்லை. இறக்கை மூடியின் மேற்பரப்பில் மிக மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் மட்டும் பலம் பெற்றுக் கண்ணுக்கு வருகின்றன. சோப்புக் குமிழியில் வானவில் தெரிகிற அதே சங்கதிதான். (சோப்புக்கும் பொன்வண்டுக்கும் கடைசியில் ஒரு சம்பந்தம் கிடைத்துவிட்டது.) சாயம் இல்லாததால் வெயிலில் வெளுக்காது. வண்டு செத்துப் பல வருடம் ஆனாலும் மூடி மின்னிக்கொண்டே இருக்கும்.

மனிதர்கள் இதை விட்டுவைப்பார்களா? ஜப்பானில் ஹோர்யூஜி கோயிலில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு மரச் சன்னதி இருக்கிறது. அதையே நகை வண்டுகளின் இறக்கை மூடிகளை வைத்துத்தான் அலங்கரித்திருந்தார்கள். இந்தியாவில் 19-ஆம் நூற்றாண்டில் மஸ்லின் துணியில் பொன்வண்டு மூடிகளைச் சரிகையோடு சேர்த்துத் தைப்பது ஒரு தனித் தொழில். மெட்ராஸ் உட்படப் பல ஊர்களில் தைத்து, கப்பலில் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குப் போனது. 1888-ல் லண்டனில் நடிகை எல்லன் டெர்ரி லேடி மாக்பெத் வேஷத்தில் போட்ட பச்சை அங்கியில் சுமார் ஆயிரம் வண்டு மூடிகள் இருந்தன. அந்த அங்கியை 1,300 மணி நேரம் உழைத்துப் பழுதுபார்த்து 2011-ல் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். 1903-ல் டெல்லி தர்பாரின்போது கர்சன் பிரபுவின் மனைவி அணிந்த மயில் உடையில், ஒவ்வொரு மயில் கண்ணுக்கும் நடுவே மின்னியது வண்டு மூடிதான். 2002-ல் பெல்ஜியம் அரண்மனையில் யான் ஃபாப்ர் என்ற கலைஞர் ஒரு மண்டபத்தின் கூரையையே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்லாந்து வண்டு மூடிகளால் மூடினார்.

ஆக, துணியில் தைக்க, கூரையில் ஒட்ட, கழுத்தில் நூல் கட்ட... எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. அது எந்த மண்ணில் முட்டை இடுகிறது, எத்தனை முட்டை பிழைக்கிறது என்று பார்க்கத்தான் ஆள் குறைவு.

இதற்கு விஞ்ஞானிகளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஒரு வண்டைப் படிக்கப் பணம் கிடைக்க வேண்டுமானால் அது ஒன்று கெடுதல் செய்ய வேண்டும், இல்லையென்றால் உதவி செய்ய வேண்டும். அதுதான் வழக்கம்.

கெடுதல் செய்கிற ஆளுக்கு உதாரணம் திருச்சியிலேயே இருக்கிறது. 1993-ல் இங்கே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். தொட்டியம், லால்குடி, ஸ்ரீரங்கம் என்று காவிரி, கொள்ளிடக் கரைகளில் வாழையை நம்பி வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். அந்த வாழைக்கு இரண்டு எமன்கள் உண்டு. கிழங்கைக் குடைகிற கூன்வண்டு ஒன்று, தண்டைத் துளைக்கிற கூன்வண்டு இன்னொன்று. தண்டில் சிறு துளை, அதிலிருந்து வழிகிற பிசின், கடைசியில் தார் பாரம் தாங்காமல் முறிந்து விழுகிற மரம். இதைப் பார்த்த விவசாயிக்கு அந்த வண்டு எப்போது முட்டை வைக்கும், புழு எத்தனை நாள் இருக்கும், தண்டை நீளவாக்கில் பிளந்து குப்புறப் போட்டால் எப்படிப் பொறியாகும் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். தெரிந்தும் இருக்கிறது. ஒரு தாருக்கு ஒரு குடும்பத்தின் பள்ளிக்கூட ஃபீஸ் இருக்கும்போது அந்தப் படிப்பு நியாயமானது.

உதவி செய்கிற ஆளுக்கு உதாரணம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவர். 1950-களில் புனே பக்கம் தென்பட்ட பார்த்தீனியம் செடி நாடு முழுக்கப் பரவி, தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைத் தின்னக்கூடிய இலை வண்டு ஒன்றை மெக்ஸிகோவிலிருந்து 1983-ல் பெங்களூருக்குக் கொண்டு வந்தார்கள். ஸைகோக்ராமா பைகலரேட்டா என்று பெயர். சோதனைகளுக்குப் பிறகு 1984-ல் வெளியே விட்டார்கள். சில வருடங்களில் அது சூரியகாந்தி இலையிலும் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்ததும் ஒரே கலவரம். கமிட்டி, விசாரணை எல்லாம் நடந்தது. பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைமேல் படியும்போதுதான் வண்டு ஏமாந்து கடிக்கிறது என்று பிறகு ஆராய்ச்சியில் தெரிந்தது. கவனியுங்கள், மெக்ஸிகோவிலிருந்து வந்த ஒரு வண்டு எந்த இலையை, ஏன், எந்தச் சூழ்நிலையில் கடிக்கிறது என்பதுவரை இங்கே துப்பறிந்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பொன்வண்டு பயிரைக் கெடுப்பதும் இல்லை, களையைத் தின்பதும் இல்லை. முள்மரத்தில் நாலு இலை தின்றுவிட்டுப் போகிறது. அதற்கு யார் கமிட்டி போடுவார்கள்?

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அட்டவணையில் கரடியோடு சில குட்டி இலை வண்டுகளும் இருந்தன. அதில் ஒன்று மதுரையின் பெயரைத் தாங்கிய நிசோட்ரா மதுரென்சிஸ். சட்டப்படி பெரிய அந்தஸ்து. ஆனால் மதுரைக்காரர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு வண்டு தங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது தெரியும்? ஜல்லிக்கட்டுக் காளைக்கு இருக்கும் ரசிகர் மன்றம் வண்டுக்கு இல்லை.

'கெடுதல் செய்யாத வண்டைப் படித்து என்ன ஆகப் போகிறது?' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை. பொன்வண்டின் குடும்பத்திலேயே மெலிந்த, மரகதப் பச்சை வண்டு ஒன்று சீனாவில் இருக்கிறது. அக்ரைலஸ் பிளானிபென்னிஸ். ஒரு பாதிரியார் அனுப்பிய மாதிரிகளை வைத்து 1888-ல் பிரான்ஸில் பெயர் வைத்தார்கள். பிறந்த ஊரில் அது பெரிய தொல்லை இல்லை. அதனால் அதைப்பற்றி எழுதப்பட்டது சில பக்கங்கள்தான். 2002-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆஷ் மரங்கள் வரிசையாகச் சாக ஆரம்பித்தபோது, பட்டைக்கு அடியில் இருந்தது இதே வண்டு. சரக்குப் பெட்டிகளின் மரக்கட்டையில் ஒளிந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். எப்படிப் பரவும், எதற்குச் சாகும், எதிரி யார் என்று தேடினால் படிக்கக் கையில் அதிகம் இல்லை. ஆதியிலிருந்து ஆரம்பித்தார்கள். அதற்குள் வண்டு பக்கத்து மாநிலங்களுக்குப் போய்விட்டது. இன்றுவரை பல கோடி மரங்கள் போயிருக்கின்றன. அமைதியாக இருந்த காலத்தில் யாராவது கொஞ்சம் உட்கார்ந்து பார்த்திருந்தால் சில வருடங்களாவது மிச்சமாகியிருக்கும்.

பொன்வண்டு அப்படி வில்லனாக மாறும் என்று யாரும் பயப்பட வேண்டாம். அதன் விஷயத்தில் பயம் தலைகீழ். ஒரு நாள் அது இல்லாமல் போனால், போய்விட்டது என்று நிரூபிக்கக்கூட வழி இருக்காது. புலிக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு உண்டு. அதனால் கூடினாலும் குறைந்தாலும் பேப்பரில் வரும். பொன்வண்டுக்கு அப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்ததே இல்லை. 1975-ல் துவாக்குடிப் பக்கத்து முள்காட்டில் எவ்வளவு இருந்தது என்ற எண் இல்லாதபோது, இன்றைக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எதை வைத்துக் கழிப்பது?

ஏன் குறைந்திருக்கும் என்று யோசிக்க அதன் மண் வாழ்க்கையே ஒரு துப்பு கொடுக்கிறது. ஸ்ரீரங்கம் தீவு வண்டல் மண், வாழையும் தென்னையுமான பூமி. பொன்வண்டுக்கு வேண்டியது வறண்ட காடு. வெள்வேலமும் கருவேலமும் நிற்கிற பொட்டல். திருச்சியைச் சுற்றித் துவாக்குடி, மாத்தூர், நவல்பட்டு என்று ஊர் முடிகிற பக்கங்களில் இருப்பது அந்த மாதிரி நிலம்தான். யாரும் அதைக் காடு என்று மதிப்பதில்லை. 'சும்மா கிடக்கிற இடம்' என்றுதான் சொல்வார்கள். அங்கேதான் முதலில் புல்டோசர் வரும், கல் நட்டு பிளாட் போடுவார்கள். வாசலுக்கு ஒரு மரத்தை விட்டுவைத்தாலும், அடியில் மண்ணைப் புரட்டி கிராவல் கொட்டிவிட்டால் வேருக்குப் பக்கத்தில் காத்திருக்கும் புழுக்களின் கதை முடிந்தது. மிச்சமிருக்கும் பொட்டலை 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்க மரமான சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கீழே கிளறாத மண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விசித்திரம் என்னவென்றால் பொன்வண்டுக்கு மறைந்துகொள்ளவும் தெரியும். இவ்வளவு மினுக்கினால் காக்கா குருவி பார்த்துவிடாதா என்று தோன்றும். 2020-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தாய்லாந்துச் சொந்தக்காரனின் இறக்கை மூடிக்குள் புழுவை வைத்து இலைகளில் ஒட்டிச் சோதித்தார்கள். சாதாரண ஒற்றை நிறம் பூசிய மூடிகளை விட, நிறம் மாறி மாறி மின்னுகிற மூடிகளே பறவைகளிடமிருந்து அதிகம் தப்பின. மனிதர்களைத் தேடச் சொன்னாலும் அதே கதைதான். ஈர இலைகளுக்கு நடுவே அந்த மினுமினுப்பு கண்ணைக் குழப்பிவிடுகிறது. பறவைக்குத் தெரியாத வண்டைப் பத்து வயசுப் பையன்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், அவர்கள் வண்டைத் தேடவில்லை. எந்த மரம், எந்த மாசம், எந்த மழைக்கு அப்புறம் என்று தெரிந்துவைத்திருந்தார்கள்.

அதுதான் விஷயம். பொன்வண்டைப் பற்றிய கள ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. டவுசர் போட்ட ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் செய்திருக்கிறார்கள். ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்தத் தகவல்கள் எல்லாம் இன்றைக்கு ஐம்பதும் அறுபதும் ஆனவர்களின் தலைக்குள் இருக்கின்றன. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னால் கதை மிஞ்சும். வருஷம், ஊர், மாசம், மரத்தின் பெயர் என்று சேர்த்துச் சொன்னால் அது தகவலாக மிஞ்சும்.

வண்ணத்துப்பூச்சிக்கு ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில், மேலணைக் காப்புக்காட்டில் 2015-ல் ஒரு பூங்காவே திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அள்ளுகிறது. குழந்தைகள் பூச்சியின் பெயர்களைப் பலகையில் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். வண்டுக்கு அவ்வளவு பெரிய பூங்கா எல்லாம் வேண்டாம். வேலமரம் நிற்கிற பத்து சென்ட் நிலத்தைக் கிளறாமல் விட்டுவைத்தால் போதும். ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தின் பின்பக்கமே அதற்கு வசதிப்படும். மழைக்காலத்தில் ஒரு மாணவர் ஒரு நோட்டோடு வாரம் ஒருமுறை அங்கே போய், கண்ணில் பட்டதை எண்ணி எழுதினால் முதல் வருடக் கணக்கு கிடைத்துவிடும். செல்போனில் எடுத்த படத்தைத் தேதி, இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான தளங்களில் போட்டு வைக்கலாம். பைசா செலவில்லை.

அதற்கு முன்னால் வீட்டிலிருக்கும் அப்பாவிடமோ மாமாவிடமோ தாத்தாவிடமோ ஒரு கேள்வி கேட்கலாம். கடைசியாகப் பொன்வண்டை எந்த வருஷம், எந்த மரத்தில் பார்த்தீர்கள்? அவர்கள் யோசித்துச் சொல்கிற பதிலை எழுதி வையுங்கள். பக்கத்தில் தேதி போடவும் மறக்க வேண்டாம்.